ஒரு சைஸ் பெரிதாக

ஜூன் 9, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பொங்கலுக்கு முன்னால் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பால்காரர் வராத நாட்களை மட்டும் இதில் குறித்து வந்தேன். இன்றைக்கு ஒரு நஷ்டத்தை எழுத வேண்டியிருப்பதால் முறைப்படி ஆரம்பிக்கிறேன்.

மகள் மிருதுளா ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பழைய டிபன் பாக்ஸின் கிளிப் உடைந்து, ரசம் சாதத்தில் கணக்கு நோட்டுக்கும் பங்கு போய்விட்டது. எனவே நேற்று பஜாருக்குப் போய், அறுநூற்று இருபது சொன்ன டிபன் பாக்ஸை நானூற்று எண்பதுக்குப் பேசி வாங்கி வந்தேன். முக்கால் மணி நேரம் பேசினேன். இரண்டு முறை கடையை விட்டு இறங்கி நடந்தேன். இரண்டாவது முறை கடைக்காரர் கூப்பிடவில்லை, நானே திரும்பிப் போனேன். அதை வீட்டில் சொல்லவில்லை.

மனைவி கோகிலா பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அதே பாக்ஸ், அதே கம்பெனி, முந்நூற்று எண்பத்தொன்பது. பஸ்ஸுக்கும் டீக்கும் ஆன நாற்பதையும் சேர்த்து நூற்று முப்பத்தொரு ரூபாய் நஷ்டம் என்று படுத்தபடியே கணக்குச் சொன்னாள்.

"இனிமே கடைக்கே போக வேண்டாங்க. எதுன்னாலும் இதுலயே பாருங்க. நான் சொல்லித் தர்றேன்."

பார்சல் ஆபீசில் பதினெட்டு வருஷமாக புக்கிங் கிளார்க்காக இருக்கிறவன் நான். ஈரோட்டிலிருந்து வடக்கே போகிற பெட்ஷீட் மூட்டையில் பாதி என் கையெழுத்தோடுதான் போகிறது. எனக்குப் பார்சல் வாங்கச் சொல்லித் தருகிறாளாம்.

ஜூன் 12, வியாழன்

முதல் பாடம். பள்ளிக்கூடத்தில் பத்தாவதைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவன் என்பதை டீச்சர் அம்மாள் மறந்துவிட்டாள். அவள் போனில் அவள் செய்து காட்டினால் போதாதா என்றேன். போதாது, என் கையால்தான் அழுத்த வேண்டுமாம்.

ஒரு பிளாஸ்டிக் வாளி. நாலாயிரத்துச் சொச்சம் வாளி வந்து நின்றது. விலையைக் குறைக்க யாரிடம் பேசுவது என்று கேட்டேன். யாரிடமும் பேச முடியாது என்றாள். பேச முடியாத கடை என்ன கடை?

அஞ்சு ஸ்டார் போட்டவன் எழுதியதை நம்பக் கூடாது, ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார்காரன் என்ன குறை சொல்கிறான் என்றுதான் பார்க்க வேண்டும். போட்டோவைப் பார்த்து மயங்கக் கூடாது, கீழே அளவு எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் ஏழு நாளைக்குள் திருப்பி அனுப்பலாம். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு முறை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"ஒரு வாளிக்கு இத்தனை பாடமா?" என்றேன்.

"வாளி சும்மா பழகறதுக்குங்க" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

கோயமுத்தூர். கோகிலாவுக்கு மார்பில் வந்த கட்டியை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது கல்லீரலில் இருக்கிறது. டாக்டரம்மா கோகிலாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். ஃபேன் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை என்று பஸ்ஸில் கோகிலாவிடம் சொன்னேன்.

"உழுந்த பாதில என்ன சொன்னாங்க?"

மருந்தை மாற்றுகிறார்கள் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவிநாசி தாண்டும்போது, வாளி எப்போது வரும் என்று பார்க்கச் சொன்னாள்.

ஜூன் 18, புதன்

வாளி வந்தது. நல்ல வாளி. மூடி இல்லை. மூடி இல்லை என்று கீழே எழுதியிருந்ததாம்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று அளவெடுக்கும் படலம். அரிசி ஊறப்போட்டு, குடிதண்ணீர் பிடித்து, துணி துவைத்து முடித்து உட்காரலாம் என்றபோது இஞ்சு டேப்பைக் கையில் கொடுத்தாள். மிருதுவைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அடுத்து மார்பளவு, இடுப்பளவு. பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். மூட்டையைச் சுற்றி டேப் பிடித்தே பழக்கப்பட்ட கை, எனக்கும் எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை. கோகிலா கட்டிலிலிருந்தே, "இன்னும் மேல. இறுக்காதீங்க. ஒரு வெரல் உள்ள போகோணும்" என்று வழி சொன்னாள்.

அளவுகளை இந்த டைரியில் எழுதி வைக்கச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டுமாம். "பதினொரு வயசுன்னு போட்டு வாங்காதீங்க. அவ வயசுக்கு வளரமாட்டா. இந்த அளவுக்குத்தான் வாங்கோணும்."

பிறகு நான்கு பாவாடை சட்டைகள் ஆர்டர் போட வைத்தாள். இரண்டு இந்த அளவு, இரண்டு ஒரு சைஸ் பெரிதாக. பெரிது எதற்கு என்றேன்.

"நாலா எடுத்தா நூறு ரூவா கம்மி."

நூறு ரூபாய் என்றால் சரி. பார்சல் ஆபீஸ் சம்பளத்தில் நூறு ரூபாயை யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

இன்று எதுவும் வாங்கவில்லை. கோகிலா எழுந்திருக்கவில்லை. ரசம் வைத்தேன். மிருது நல்லாயிருக்கிறது என்றாள். பொய் சொல்லப் பழகிவிட்டாள்.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. ஊரெல்லாம் தள்ளுபடி. ஊரே ஈரோட்டுக்கு வந்து துணி எடுத்துப்போக, ஈரோட்டுக்காரன் மட்டும் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று எனக்கு ரோஷம் வந்தது. கோகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். மிருதுவை அழைத்துக்கொண்டு பெரிய ஜவுளிக்கடைக்குப் போய்விட்டேன்.

என்ன வேண்டும் கண்ணு என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, சிம்மீஸ் எல்லாம் சின்னதாகப் போய்விட்டது என்றாள். அம்மா வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம்.

இரண்டாவது மாடி. அந்தக் கவுண்டரில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். விற்கிற பெண்களும் வாங்குகிற பெண்களும். அந்த மாடி ஏறுகிற வரை நான் இந்த ஊரிலேயே வாய் ஜாஸ்தி உள்ள ஆள். ஒரு பெண், "என்ன சார் பாக்கறீங்க?" என்று கேட்டது.

"வேட்டி எந்த மாடிங்க?" என்றேன்.

தரைத்தளம் என்றது. இறங்கிப் போய் இரண்டு துண்டு வாங்கினேன். நூற்றுக்கு இருபது தள்ளுபடி. மிருது படியில் எனக்கு முன்னால் இறங்கினாள். பையை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் நான் துண்டை எடுத்துக் காட்டினேன். கோகிலா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பிள்ளை அவள் காதோடு ஏதோ சொல்லியிருக்கிறது. கோகிலா என்னைப் பார்த்து, "அதுக்குத்தாங்க சொன்னேன்" என்றாள்.

துண்டை மடித்து அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

எங்கள் வீட்டில் பெண்களுக்குப் பஞ்சம். நான் ஒற்றைப் பிள்ளை. கோகிலாவுக்கு ஒரே அண்ணன், பொன்னுரங்கம். லாரி ஓட்டுகிறார், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கத்துத் தாய்மாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஆபீசில் இன்று வேலை குறைவு.

ஜூலை 22, செவ்வாய்

நானே தேடி, நானே அளவு பார்த்து, சிம்மீஸ் ஆறு. அதோடு கோகிலா சொல்லி, மாதா மாதம் பெண்கள் வைத்துக்கொள்கிற பேட் இரண்டு பாக்கெட். உனக்கா என்றேன். "எனக்கு எதுக்குங்க இனி?" என்றாள். அவளுக்கு மருந்தில் அது நின்று ஒரு வருஷமாகிறது, எனக்குத்தான் மறந்துவிட்டது. மிருதுவுக்கு இன்னும் ஆகவில்லையே என்றேன். அலமாரியில் இருக்கட்டும், மொத்தமாக எடுத்தால் மலிவு என்றாள்.

காலிங் பெல் அடித்தால் கோகிலாவின் தூக்கம் கெடுகிறது. ஆபீஸ் விலாசம் கொடுத்திருக்கிறேன். புத்திசாலித்தனமான காரியம் என்று அப்போது நினைத்தேன்.

ஜூலை 26, சனி

புத்திசாலியின் கதையைக் கேளுங்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. கிழிந்து வந்த பார்சல் எதுவானாலும், இரண்டு பேர் முன்னால் பிரித்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி எண்ணி, மறுபடி தைக்க வேண்டும். பின்னால் குறைந்தது என்று எவனும் சண்டைக்கு வரக் கூடாதென்று முதலாளி போட்ட சட்டம். நான் பேங்குக்குப் போயிருந்தேன். என் பொட்டலம் மூலை கிழிந்து வந்திருக்கிறது. லோடுமேன்கள் பெயரைப் பார்க்காமல் சட்டப்படி பிரித்துவிட்டார்கள்.

நான் உள்ளே நுழைந்தபோது மேஜைமேல் எல்லாம் பரப்பியிருந்தது. ஆறு சிம்மீஸ். இரண்டு பாக்கெட். சுற்றி நான்கு பேர்.

இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் புதுச் செருப்புப் போட்டு வந்தால் அதற்கு ஒரு வாரம் பாட்டுப் பாடுகிறவர்கள். என் வழுக்கைக்குப் பெயர் வைத்தவர்கள். போன வருஷம் என் சாப்பாட்டுப் பையில் தெரியாமல் மிருதுவின் ரிப்பன் வந்துவிட, மூன்று மாதம் என்னை ரிப்பன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் கையில் இது கிடைத்தால் நான் ஓய்வு பெறும்வரை தாங்கும்.

ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் போய்த் தண்ணீர் குடித்தான். இரண்டு பேர் வண்டியில் மூட்டை ஏற்றப் போனார்கள். அந்த நேரத்தில் அங்கே வண்டியே இல்லை. மேஸ்திரி வெள்ளியங்கிரி மட்டும் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்து, மேலே ஒரு காடாத் துணி சுற்றி, சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். முடித்து என் கையில் கொடுத்தார்.

"சாக்கு ஊசி தடிமனுங்க. தையல் கொஞ்சம் அகலமா உழுந்துபோச்சு."

எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷத்தில் வெள்ளியங்கிரி சட்டத்தை மீறி நான் பார்த்ததில்லை.

யாராவது ஒருவன் கிண்டல் பண்ணியிருக்கலாம். சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது நான்கு அட்டைப் பெட்டிகள். நான் வாங்கவில்லை, கோகிலா தன் போனில் வாங்கியவை. ஒட்டடை அடிக்கிற சாக்கில் பிரித்துப் பார்த்தேன். பதின்மூன்று வயசுக்கான சுடிதார். பதினைந்துக்கு ஒன்று. உள்ளாடைகள் வரிசையாக, சிறியது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொரு கவர் மேலும் ஸ்கெட்ச் பேனாவில் ஆறாவது, எட்டாவது, பத்தாவது என்று எழுதியிருந்தாள். கடைசிப் பெட்டியில் ஒரு பட்டுப் பாவாடை தாவணி. நாலாயிரத்து நூறு ரூபாய்.

மனுஷி இத்தனை கெட்டிக்காரியாக இருந்தும் ஆடித் தள்ளுபடியில் ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு தாவணி? புது மருந்து ஒரு வேளைக்கு எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும்.

தாவணி வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அவள் தூங்கும்போது அவள் போனை எடுத்துத் திருப்பி அனுப்பப் போட்டேன். காரணம் கேட்டது. அளவு சரியில்லை, நிறம் வேறு, பொருள் சேதம், இப்போது தேவையில்லை. நான்கில் ஒன்றை அழுத்த வேண்டும்.

இப்போது தேவையில்லை என்பதை அழுத்தினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்து வாங்கிப் போனார்கள். தெருமுனையிலேயே நின்று கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பணம் திரும்ப வந்த மெசேஜ் அவள் போனுக்குத்தான் போகும் என்பதை இந்த அறிவாளி யோசிக்கவில்லை.

ஆபீஸ் விட்டு வந்தபோது தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளுக்குப் பிறகு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"தாவணிய எதுக்குங்க திருப்பி அனுப்புனீங்க?"

"இப்ப என்ன அவசரம்? அதுக்கு நேரம் வர்றப்ப நீயே நல்லதாப் பாத்து எடுத்துக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். பதிமூன்று வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். நான் பேரம் பேசும்போது எந்த இடத்தில் என் குரல் இறங்கும் என்று தெரிந்தவள்.

"புள்ளை பெரியவளானா மாமன் சீரு எங்கண்ணன் கொண்டாறோணும். அவரு டயர் வாங்குவாரு, தாவணி வாங்கத் தெரியுமா? நீங்க ரெண்டு ஆம்பளையும் கடைவாசல்ல நின்னுட்டு வேட்டி எங்கன்னு கேப்பீங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு அவ யாரப் பாப்பாங்க? நாலு பேரு வந்து, அம்மா இருந்தா எடுத்திருப்பான்னு சொல்றத அவ கேக்கக் கூடாது. அவ்வளவுதாங்க. காசு மிச்சம், பஸ்ஸு மிச்சம்னு நான் சொன்னதெல்லாம் நீங்க இதப் பழகிக்கறதுக்குச் சொன்னது."

டீ போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"செரி. அப்ப நீங்களே எடுங்க. இப்பவே. நான் பாத்துட்டு இருக்கறேன்."

அதே தாவணியைத் தேடி எடுத்தேன். நாலாயிரத்து நானூற்றுப் பத்து. நாலே நாளில் முந்நூற்றுப் பத்து ரூபாய் ஏறியிருந்தது. என் ஆயுளில் நான் தலையிட்டு விலையை ஏற்றியது இதுதான் முதல் தடவை என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரித்தாள். சிரித்ததில் வலித்துவிட்டது.

மாம்பழக் கலர் எடுக்கப் போனேன். மிருதுவுக்கு அந்தக் கலர் பிடிக்காதாம், எனக்கு இத்தனை நாள் தெரியாது. அரக்குக் கலர் எடுத்தேன். சைஸ் கேட்டது. அன்றைக்கு அவள் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று எனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"எனக்குந் தெரியாதுங்க" என்றாள்.

ஒரு சைஸ் பெரிதாகப் போட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோயமுத்தூர். இந்த முறை டாக்டரம்மா இருவரையும் சேர்த்தே உட்கார வைத்துப் பேசினார். இனி ஊசி வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கு மட்டும் மாத்திரை தருகிறேன் என்றார். ஃபேன் ஓடவில்லை.

வரும்போது கார் வைத்தேன். இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் வீண் என்று கோகிலா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தாவணி வந்தது. கோகிலா விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, நல்ல நெசவு என்றாள். கவரில் ஒன்றும் எழுதவில்லை. என்னைத்தான் எழுதச் சொன்னாள். என்ன எழுதுவதென்று தெரியாமல் மிருதுளா என்று மட்டும் எழுதினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பொன்னுரங்கம் வந்திருந்தார். மூன்று கிலோ ஆப்பிள். தங்கை பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பின்னால் போய்க் குழாயடியில் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். போகும்போது, ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்க மாப்பிள்ளை என்றார். எல்லாம் வாங்கியாயிற்று என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அரை டம்ளர் கஞ்சி. மாத்திரை ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி. மிருதுவுக்குத் தலை பின்னினேன். வகிடு கோணல். பள்ளிக்கூடம் போகும்முன் அவளே அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டாள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மத்தியானம் லீவு போட்டு வந்துவிட்டேன். கோகிலாவுக்கு இன்று பேச்சு கொஞ்சம் தெளிவாக இருந்தது. போனைக் கேட்டாள். கையில் பிடிக்க முடியவில்லை, நான் தலையணையில் சாய்த்து வைத்தேன். ஒரு விரலால் எதையோ தேடிக்கொண்டே இருந்தாள்.

இந்தக் கடைக் கணக்கு அவள் நம்பரில் இருக்கிறதாம். எங்கள் விலாசம், மிருதுவின் அளவு, இதுவரை வாங்கியது எல்லாம் அதில் இருக்கிறது. அதை என் நம்பருக்கு மாற்ற வேண்டும் என்றாள். எதற்கு இப்போது என்றேன்.

"என் நம்பருக்கு இருவத்திநாலாந் தேதியோட ரீசார்ஜ் முடியுது. இனி போட வேண்டாங்க. மாசம் எரநூத்திச் சொச்சம் மிச்சம்."

நான் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தேன். பிறகு கூட்டினேன்.

"உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும். படிங்க."

வந்திருந்தது. வரவில்லை என்றேன். டவர் இல்லை என்றேன். அவள் மறுபடி அனுப்பினாள்.

மறுபடி வந்தது. "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்குது கோகிலா" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "இன்னொருக்கா அனுப்பறேன்" என்றாள்.

மூன்றாவது முறை ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொன்னேன். அவள் விரல் ஒவ்வொரு எண்ணாக அடிக்க, அது தவறு என்று சிவப்பில் வந்தது.

"கண்ணாடியப் போட்டுட்டுப் படிங்க."

போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. இன்னொரு முறை அவளால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

நான்காவது முறை படித்தேன். ஏழு. பூஜ்யம். மூன்று. மூன்று. எட்டு. அவள் அடித்துவிட்டு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்று என்றேன்.

பத்தாவது பாஸ் செய்தவனுக்கு ஆறு எண்ணைப் படிக்க நான்கு முறை ஆயிற்று.